உடல் என்னும் குடியரசு

நுழையும் முன்

விளையாடும்போது முழங்காலைச் சிராய்த்துக்கொள்ளாத சிறுவரோ சிறுமியரோ இலர். முதலில் குருதி கசியும். சற்று நேரத்தில் உறையும். அடுத்த நாள் அவ்விடம் சிவந்து, வீங்கி, வலிக்கும். பின்னர்ப் பொருக்குத் தட்டும். பொருக்கு உதிர்ந்ததும் அதனடியில் புதிய தோல் தோன்றும். நாம் உறங்கிக்கொண்டிருந்தபோதும் நிற்காமல் நடந்த இப்பணியைச் செய்தவை நம் உடலின் உயிரணுக்களே. செல் என்றும் வழங்கப்படும் இவ்வுயிரணுக்கள் சுமையை எவ்வாறு தாங்குகின்றன, காயத்தை எவ்வாறு எதிர்கொள்கின்றன என்னும் வினாவிற்கு விடை தேடிய அறிஞர் ஒருவரின் வரலாற்றை இப்பாடத்தில் காண்போம்.

1. இளமையும் கல்வியும்

ருடால்ஃப் விர்ச்சோ 1821ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 13ஆம் நாள் பிறந்தார். அவர் பிறந்த ஊர் பிரஷ்ய நாட்டின் பொமரேனியப் பகுதியிலிருந்த ஷீவெல்பைன் என்னும் சிற்றூர். அவ்வூர் இன்று போலந்து நாட்டில் உள்ளது. தந்தையார் உழவர், ஊரின் வரவு செலவுக் கணக்கையும் கவனித்து வந்தவர். பெற்றோருக்கு விர்ச்சோ ஒரே மகன்.

செல்வம் மிகுந்த குடும்பம் அன்று. ஆயினும், படைத்துறை மருத்துவராகப் பணியாற்ற இசையும் மாணவர்களுக்குக் கட்டணமின்றிக் கல்வி அளித்த நிறுவனம் ஒன்று பெர்லின் நகரில் இருந்தது. 1839ஆம் ஆண்டு விர்ச்சோ அதில் இடம்பெற்றார். 1843ஆம் ஆண்டு மருத்துவப் பட்டம் பெற்றுச் சாரிட்டே மருத்துவமனையில் பணியில் சேர்ந்தார்.

அங்கு அவருக்கு வாய்த்த இடம் இறந்தோர் உடலை ஆராயும் கூடம். ஒருவர் எதனால் இறந்தார் என்பதை நுண்ணோக்கியின் துணைகொண்டு காண அவர் முயன்றார். 1845ஆம் ஆண்டு, குருதியில் வெள்ளணுக்கள் அளவின்றிப் பெருகியிருந்த நோயாளி ஒருவரைப் பற்றி எழுதினார். அந்நோய்க்கு லுகேமியா என்று பெயரிட்டவர் அவரே. குருதிக் குழாயின் ஓரிடத்தில் உருவாகும் உறைகட்டி பெயர்ந்து சென்று, நுரையீரல் போன்ற வேறோர் உறுப்பின் குழாயை அடைத்துவிடக்கூடும் என்பதையும் அவர் தெளிவுபடுத்தினார். அப்போது அவருக்கு வயது முப்பதுகூட நிறையவில்லை.

2. பஞ்சம் வாட்டிய நாட்டில்

1848ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் அவர் வாழ்க்கையை மாற்றிய பயணம் ஒன்று நேர்ந்தது. பிரஷ்யாவின் மேல் சைலீசியா பகுதியில் டைபஸ் என்னும் கொடுங்காய்ச்சல் பரவி, மக்கள் பெருந்தொகையில் மாண்டனர். நிலையைக் கண்டறிந்து வருமாறு அரசு விர்ச்சோவை அனுப்பியது. அவர் ஏறத்தாழ மூன்று வாரங்கள் அங்கே தங்கினார்.

அவர் கண்ட காட்சிகள் கொடியவை. விளைச்சல் பொய்த்தமையால் மக்கள் பட்டினியால் வாடினர். ஈரம் கசியும் சிறு குடிசைகளில் பலர் நெருங்கி வாழ்ந்தனர். அம்மக்களின் தாய்மொழி போலிஷ். ஆனால் ஆட்சியும் கல்வியும் ஜெர்மன் மொழியில் நடந்தன. ஆகவே உடல்நலம் பற்றிய எளிய அறிவும் அவர்களைச் சென்றடையவில்லை.

டைபஸ் நோயைப் பேன்கள் பரப்புகின்றன என்பது 1909ஆம் ஆண்டில்தான் கண்டறியப்பட்டது. எனவே, நோயைக் கொண்டு சேர்த்த சிற்றுயிரை விர்ச்சோ அறிந்திலர். எனினும், அது செழிக்க இடமளித்த வறுமையை அவர் நன்கு அறிந்துகொண்டார். பட்டினி, நெருக்கடி, கல்வியின்மை ஆகிய சுமைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றப்பட்டமையால் அம்மக்களின் உடல் தளர்ந்தது என்றும், தளர்ந்த உடல்களில் நோய் எளிதில் பரவியது என்றும் அவர் எழுதினார்.

அரசு எதிர்பார்த்தது மருந்துகளின் பட்டியல். விர்ச்சோ அளித்ததோ வேறு. மக்களுக்குத் தாய்மொழியில் கல்வி வேண்டும், சாலைகள் வேண்டும், வேளாண்மை சீர்பட வேண்டும், வரிச்சுமை ஏழைகளின்மேல் விழக்கூடாது, மக்கள் தம்மைத் தாமே ஆளும் உரிமை பெற வேண்டும் என்று அவர் பரிந்துரைத்தார். மருத்துவர் ஏழைகளின் சார்பில் வழக்காடக் கடமைப்பட்டவர் என்பது அவர் கொள்கையாயிற்று.

அவர் பெர்லினுக்குத் திரும்பியபோது அங்கே மக்கள் உரிமைக் கிளர்ச்சி மூண்டது. மார்ச்சுத் திங்களில் தெருத் தடுப்புகளில் நின்ற மக்களோடு அவரும் நின்றார். இவற்றின் விளைவாக, 1849ஆம் ஆண்டு அவரது மருத்துவமனைப் பதவிக்குக் கேடு வந்தது. அவர் பெர்லினை விட்டு நீங்கி, வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார்.

3. உயிரணுவிலிருந்து உயிரணு

வூர்ட்ஸ்பர்க்கில் கழிந்த ஏழு ஆண்டுகள் அவருடைய ஆராய்ச்சிக்குப் பெரிதும் உதவின. அக்காலத்தில், உடலில் உள்ள நீர்மங்கள் கெடுவதே நோய் என்னும் பழங்கருத்து முற்றிலும் மறைந்துவிடவில்லை. செடிகளும் விலங்குகளும் உயிரணுக்களால் ஆனவை என்று 1838, 1839ஆம் ஆண்டுகளில் ஷ்லைடன், ஷ்வான் என்னும் அறிஞர்கள் நிறுவியிருந்தனர். ஆனால், உப்புநீரிலிருந்து படிகம் தோன்றுவதுபோல, உயிரற்ற நீர்மத்திலிருந்து புதிய உயிரணு தோன்றும் என்றே அவர்களும் எண்ணினர்.

விர்ச்சோ இதனை மறுத்தார். ஒவ்வோர் உயிரணுவும் முன்பிருந்த மற்றோர் உயிரணுவிலிருந்தே பிறக்கிறது என்று 1855ஆம் ஆண்டில் எழுதினார். ராபர்ட் ரீமாக் என்னும் அறிஞர் இவ்வுண்மையை முன்னரே கண்டு கூறியிருந்தார். அவருக்கு உரிய பெருமையை விர்ச்சோ போதிய அளவு வழங்கவில்லை என்பது அவர்மீது கூறப்படும் குறை. ஆயினும், இவ்வுண்மையை நோயியலின் அடித்தளமாக ஆக்கியவர் விர்ச்சோவே.

1856ஆம் ஆண்டு பெர்லின் அவரை மீண்டும் அழைத்துக்கொண்டது. 1858ஆம் ஆண்டு, மருத்துவர்களுக்காக அவர் ஆற்றிய இருபது சொற்பொழிவுகள் உயிரணு நோயியல் என்னும் நூலாக வெளிவந்தன. உடல் ஒரு குடியரசு. உயிரணுக்கள் அதன் குடிமக்கள். நோய் என்பது எங்கிருந்தோ வந்து குடியேறும் மாயப்பொருள் அன்று. குடிமக்களாகிய உயிரணுக்களின் வாழ்வில் நேரும் மாறுதலே நோய் என்பது அந்நூலின் சாரம்.

4. சுமையைத் தாங்கும் உயிரணு

உயிரணு ஒரு செங்கல்லைப்போல வாளா இருப்பதில்லை. தன்மேல் வந்து படும் தூண்டுதலுக்கு ஏற்ப அது மறுமொழி தருகிறது. அம்மறுமொழியை விர்ச்சோ மூன்றாக வகுத்தார். உயிரணு தன் செயலை மாற்றலாம். தான் ஏற்கும் ஊட்டத்தை மாற்றலாம். புதிய உயிரணுக்களை ஆக்கலாம். இந்த அடித்தளத்தின்மீது பின்வந்த அறிஞர்கள் எழுப்பிய அறிவை இன்று நாம் நான்கு எடுத்துக்காட்டுகளால் எளிதில் உணரலாம்.

ஒன்று, பருத்தல். நாள்தோறும் பளு தூக்குபவரின் தோள்தசை பருக்கிறது. அங்கே தசையணுக்கள் பெரியவை ஆகின்றன. இரண்டு, பெருகல். எழுதுகோல் ஓயாமல் அழுத்தும் விரலில் தோல் தடித்துக் காய்ப்பு உண்டாகிறது. அங்கே உயிரணுக்கள் எண்ணிக்கையில் மிகுகின்றன. மூன்று, மெலிதல். எலும்பு முறிந்து பல வாரங்கள் மாவுக்கட்டில் இருந்த கால் மெலிந்து காணப்படும். வேலையில்லாத தசையணுக்கள் தம்மைச் சுருக்கிக்கொண்டன. நான்கு, உருமாற்றம். புகைப்பவரின் மூச்சுக்குழலில், தூசியை வெளியேற்றும் மென்மயிர்களைக் கொண்ட உயிரணுக்கள் இருந்த இடத்தில், புகையைத் தாங்கவல்ல தட்டையான உயிரணுக்கள் தோன்றுகின்றன. இதற்கு மெட்டாபிளாசியா என்று பெயர் சூட்டியவர் விர்ச்சோ.

இவை நான்கும் உயிரணுக்கள் பிழைத்திருக்கக் கையாளும் வழிகள். ஆனால் எல்லாவற்றிற்கும் ஒரு விலை உண்டு. புகையைத் தாங்கும் தட்டை உயிரணுவால் தூசியைத் துடைக்க இயலாது. குருதி அழுத்தம் மிகுந்தவரின் இதயத்தசை, சுமையைத் தாங்கப் பருக்கிறது. பல ஆண்டுகள் அவ்வாறே உழைத்தபின் ஒருநாள் தளர்ந்துவிடுகிறது.

தாங்கும் எல்லையைச் சுமை கடக்கும்போது உயிரணு காயமுறுகிறது. முதலில் அது வீங்குகிறது. நுண்ணோக்கியில் மங்கலாகத் தெரியும் இவ்வீக்கத்தை விர்ச்சோ விவரித்துள்ளார். இந்நிலையில் சுமையை நீக்கினால் உயிரணு பழைய நிலைக்குத் திரும்பும். நீக்காவிடில் அது இறக்கும். இதயத்தசைக்குச் செல்லும் குருதிக் குழாயை உறைகட்டி ஒன்று முழுதும் அடைத்துவிட்டால், ஏறத்தாழ 20 முதல் 30 நிமிடங்களுக்குள் அங்குள்ள உயிரணுக்கள் மீளவியலாத நிலையை எய்தத் தொடங்குகின்றன. இறந்த இதயத்தசை மீண்டும் முளைப்பதில்லை. அவ்விடத்தில் தழும்பே எஞ்சுகிறது. நெஞ்சுவலி கண்டவரை மருத்துவமனைக்கு விரைந்து கொண்டுசெல்ல வேண்டும் என்பதன் காரணம் இதுவே.

மாணவர்களே, இங்கே சைலீசியாவை நினைத்துப் பாருங்கள். அம்மக்கள் குறைந்த உணவில் உயிர்வாழப் பழகிக்கொண்டவர்கள். நெருக்கடியிலும் ஈரத்திலும் வாழப் பழகிக்கொண்டவர்கள். அவர்கள் பழகிக்கொண்டதைக் கண்டு, அவர்களுக்குத் துன்பமில்லை என்று ஆள்வோர் எண்ணினர். தாங்கிக்கொள்வது நலமாக இருப்பது ஆகாது. உயிரணுவுக்குப் பொருந்தும் இவ்வுண்மை மனிதர்க்கும் பொருந்தும்.

5. ஆசிரியரைத் திருத்திய மாணவர்

காயத்தில் சீழ் தோன்றுவதைக் காண்கிறோம். சீழில் நிறைந்துள்ள உயிரணுக்கள் எங்கிருந்து வந்தவை? காயமுற்ற இடத்திலுள்ள இணைப்புத் திசுவின் உயிரணுக்கள் பெருகியே சீழாகின்றன என்று விர்ச்சோ கருதினார். உயிரணுவிலிருந்தே உயிரணு என்னும் அவர் கொள்கைக்கு அக்கருத்து இயைந்தும் இருந்தது.

அவருடைய ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய யூலியஸ் கோன்ஹைம் என்னும் இளைஞர் இதனைச் சோதித்துப் பார்க்க முனைந்தார். தவளையின் குடலைத் தாங்கும் மெல்லிய சவ்வை விரித்து நுண்ணோக்கியின்கீழ் வைத்து, பல மணிநேரம் விழி அகற்றாமல் நோக்கினார். குருதிக் குழாய்கள் விரிந்தன, குருதியோட்டம் மெதுவானது, வெள்ளணுக்கள் குழாயின் சுவரோரம் ஒதுங்கி ஒட்டின, பின்னர் ஒவ்வொன்றாகச் சுவரைக் கடந்து வெளியேறின. சீழின் உயிரணுக்கள் அவ்விடத்தில் பிறந்தவை அல்ல; குருதி வழியே வந்து சேர்ந்தவை என்பது தெளிவாயிற்று.

1867ஆம் ஆண்டு வெளியான இக்கட்டுரை ஆசிரியரின் கருத்துக்கு மாறானது. அதனை வெளியிட்ட இதழ் எது தெரியுமா? விர்ச்சோ தம் நண்பருடன் 1847ஆம் ஆண்டு தொடங்கி, தாமே நடத்திவந்த இதழ்தான்! தம்மை மறுக்கும் உண்மைக்கும் அவர் இதழில் இடம் இருந்தது.

காயத்தை நோக்கி உயிரணுக்கள் ஏன் விரைகின்றன என்பதற்கு இலியா மெச்னிகோவ் என்னும் ரஷ்ய அறிஞர் விடை கண்டார். 1882ஆம் ஆண்டு, இத்தாலியின் மெசினா நகரில், கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும் நட்சத்திரமீன் இளவுயிரியின் உடலில் ரோஜா முள்ளைச் செருகினார். மறுநாள் காலையில் அலையும் உயிரணுக்கள் முள்ளைச் சூழ்ந்து நின்றன. அயற்பொருளை விழுங்கி உடலைக் காப்பதே அவற்றின் பணி என அவர் உணர்ந்தார். அடுத்த ஆண்டு மெசினாவுக்கு வந்த விர்ச்சோ இச்சோதனையைக் கண்டார். ஊக்கமளித்ததோடு, முடிவு கூறுவதில் விழிப்பாக இருக்குமாறும் அறிவுறுத்தினார்.

விர்ச்சோ எல்லா இடங்களிலும் சரியாக இருந்தார் எனல் ஆகாது. மகப்பேற்று மருத்துவர்கள் கைகளைத் தூய்மை செய்தால் தாய்மாரின் இறப்புக் குறையும் என்ற செம்மல்வைஸின் கருத்தை அவர் உரிய காலத்தில் ஏற்கவில்லை. நோய்க்கிருமிகளின் பங்கை ஒப்புக்கொள்ளவும் அவர் மிகத் தயங்கினார். பேரறிஞரும் பிழைபடுவர் என்பதற்கு அவரே சான்று.

6. நகரத்தின் மருத்துவர்

பெர்லினுக்குத் திரும்பிய விர்ச்சோ ஆய்வுக்கூடத்திலேயே அடங்கிவிடவில்லை. 1859ஆம் ஆண்டு நகரமன்ற உறுப்பினரானார். இறுதிவரை அப்பணியைத் தொடர்ந்தார். பிரஷ்ய நாடாளுமன்றத்திலும் இடம்பெற்று, வலிமை மிக்க முதலமைச்சர் பிஸ்மார்க்கை எதிர்த்து வாதிட்டார். 1865ஆம் ஆண்டு சினம் கொண்ட பிஸ்மார்க் அவரை ஆயுதப் போட்டிக்கு அழைத்தார். விர்ச்சோ அதற்கு உடன்படவில்லை.

அக்காலப் பெர்லினில் கழிவுநீர் தெருவோரச் சாக்கடைகளில் திறந்தபடி ஓடியது. நிலத்தடிக் கழிவுநீர்க் குழாய்கள் அமைய வேண்டும் என்று விர்ச்சோ இடைவிடாது வற்புறுத்தினார். பொறியாளர் ஜேம்ஸ் ஹோப்ரெக்ட் வகுத்த திட்டப்படி 1873ஆம் ஆண்டு அப்பணி தொடங்கியது. நகரில் புதிய மருத்துவமனைகள் எழவும், இறைச்சியை நுண்ணோக்கியால் சோதிக்கும் முறை பரவவும் அவர் உழைத்தார். நோயுற்ற பின் மருந்து தருவதைவிட, நோய் தரும் சுமையை முன்னரே இறக்கி வைப்பது மேல் என்பதை அவர் செயலில் காட்டினார்.

ஓர் இனத்தாரே தூயவர், உயர்ந்தவர் என்னும் பேச்சு அந்நாளில் எழுந்தது. அதனை ஆராய அவர் ஜெர்மனியின் பள்ளிகளில் பயின்ற ஏறத்தாழ 67 இலட்சம் குழந்தைகளின் தலைமயிர், விழி, தோல் ஆகியவற்றின் நிறத்தைப் பதிவு செய்ய ஏற்பாடு செய்தார். எங்கும் கலப்பே காணப்பட்டது. தூய இனம் என ஒன்றும் காணப்படவில்லை. பல மாநிலத்து மாணவர்கள் ஒரே வகுப்பில் அமர்ந்து பயிலும் நமக்கு இம்முடிவு புதிதன்று.

7. நிறைவு

1902ஆம் ஆண்டு சனவரித் திங்களில், எண்பது வயதிலும் சுறுசுறுப்பாக இயங்கிய விர்ச்சோ, டிராம் வண்டியிலிருந்து இறங்கும்போது விழுந்தார். தொடையெலும்பு முறிந்தது. முதிர்ந்த உடல் அக்காயத்திலிருந்து முழுமையாக மீளவில்லை. அவ்வாண்டு செப்டம்பர்த் திங்கள் 5ஆம் நாள் அவர் இயற்கை எய்தினார். பெர்லினில் 1906ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பெரிய மருத்துவமனை ஒன்று அவர் பெயரைத் தாங்கியது.

தளர்ந்த உயிரணுவை அவர் பழிக்கவில்லை. அதன்மேல் ஏறிய சுமை யாது என்று வினவினார். தளர்ந்த மக்களையும் அவர் பழிக்கவில்லை. அவ்வினாவையே மீண்டும் எழுப்பினார். மீளக்கூடிய காலத்திலேயே சுமையைக் குறைக்க வேண்டும் என்பதே அவர் வாழ்வு நமக்கு உணர்த்தும் பாடம்.

சொற்பொருள்

பொருக்கு – புண்ணின்மேல் காய்ந்து படியும் ஏடு
வாளா – சும்மா
குருதி – இரத்தம்
எய்துதல் – அடைதல்
அயற்பொருள் – வெளியிலிருந்து வந்த பொருள்
இயைந்து – பொருந்தி

பயிற்சிகள்

அ. கோடிட்ட இடத்தை நிரப்புக.
1. விர்ச்சோ டைபஸ் நோயை ஆராயச் சென்ற பகுதி ________.
2. உயிரணு நோயியல் நூல் வெளிவந்த ஆண்டு ________.
3. முள்ளைக்கொண்டு சோதனை செய்தவர் ________.

ஆ. பொருத்துக.
1. பருத்தல் – மாவுக்கட்டில் இருந்த கால்
2. பெருகல் – புகைப்பவரின் மூச்சுக்குழல்
3. மெலிதல் – பளு தூக்குபவரின் தோள்
4. உருமாற்றம் – விரலின் காய்ப்பு

இ. இரண்டு அல்லது மூன்று தொடர்களில் விடை எழுதுக.
1. சைலீசிய மக்களை நலவாழ்வு பற்றிய அறிவு ஏன் சென்றடையவில்லை?
2. கோன்ஹைம் தவளையின் சவ்வில் கண்டது யாது?
3. நெஞ்சுவலி கண்டவரை ஏன் விரைந்து மருத்துவமனையில் சேர்க்க வேண்டும்?

ஈ. ஒரு பக்க அளவில் எழுதுக.
தாங்கிக்கொள்வது நலமாக இருப்பது ஆகாது என்பதை உயிரணு, மக்கள் ஆகிய இரண்டையும் எடுத்துக்காட்டி விளக்குக.

உ. பிரித்து எழுதுக.
உயிரணு, நுண்ணோக்கி, தசையணு, பேரறிஞர்

ஊ. செயல்பாடு
உங்கள் காலில் அல்லது கையில் ஏற்பட்ட சிறு காயம் ஒன்று ஆறிய விதத்தை நாள் வாரியாக நினைவுகூர்ந்து எழுதுக. காயம், வீக்கம், சீழ், பொருக்கு, தழும்பு ஆகியவற்றை உங்கள் வீட்டுப் பெரியோர் எச்சொற்களால் வழங்குகின்றனர் என்று கேட்டறிந்து, அவற்றையும் உடன் எழுதி வகுப்பில் படித்துக் காட்டுக.